தொண்டையில் தங்கிய கோழையும் மூக்கு கழுவும் பாட்டிலும்: எட்டு மாத அனுபவம்

நான் ஒலிநூல்களுக்குக் குரல் கொடுப்பவள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம் மைக் முன்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அந்த மைக் ரொம்ப நுட்பமானது. பசியில் வயிறு இரைந்தால்கூடப் பதிந்துவிடும். அதற்கு முன்னால் தொண்டையில் கோழையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று குரலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பதிவான குரல் கணினித் திரையில் அலை அலையாக ஓடும்போது நான் கனைத்த இடங்கள் மட்டும் முள் முள்ளாக எழும்பி நிற்கும். போன வருடம் ஒரு நாள் அந்த முட்களை எண்ணிப் பார்த்தேன். 40 நிமிடப் பதிவில் 63. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

இது, மூக்கு கழுவும் பாட்டில் ஒன்றைப் பற்றிய மதிப்புரை. எட்டு மாதமாகத் தினமும் பயன்படுத்துகிறேன். என் தொண்டைக்கு அது என்ன செய்தது, என்ன செய்யவில்லை, அதே பாட்டில் என் அப்பாவுக்கு ஏன் ஒரு துளியும் உதவவில்லை என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். இந்தத் தொந்தரவோடு இரண்டு வருடம் அலைந்தபோது இதையெல்லாம் ஒரே இடத்தில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முதலில் தொந்தரவு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் கிடையாது. பெரிய இருமலும் கிடையாது. காலையில் எழுந்ததும் உள்நாக்குக்குப் பின்னால் பசை தடவிய மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். காறினால் வராது, விழுங்கினால் இறங்காது. வெந்நீர் குடித்தால் பத்து நிமிடம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் அதே பசை. மூக்கு ஒழுகவே இல்லை என்பதால் மூக்கின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தொண்டையில் இருப்பது தொண்டைக் கோளாறுதானே என்று இருமல் டானிக், மாத்திரை, தொண்டைக்கு அடிக்கும் ஸ்பிரே, ஆவி பிடிப்பது என்று எல்லாம் தொண்டையை நோக்கியே செய்துகொண்டிருந்தேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. மூக்குக்குள் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு, முனையில் கேமரா உள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டார். வலிக்கவில்லை, கண்ணில் நீர் மட்டும் வந்தது. எதிரே இருந்த திரையை என்னையும் பார்க்கச் சொன்னார். மூக்கின் உள்சதை வெளிறிப் போய் ஊதிக் கிடந்தது. அதைத் தாண்டி, மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில், கண்ணாடி நூல் மாதிரி ஒரு கோடு மேலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நான் விழுங்கியதும் அது அறுந்தது. சில நொடியில் இன்னொன்று மேலே திரண்டது. "இதுதாங்க உங்க கோழை. தொண்டையில ஊறுறது இல்ல, மூக்குலேர்ந்து இறங்குது" என்றார். இரண்டு வருடம் தப்பான வாசலைத் தட்டியிருக்கிறேன் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

அவர் விளக்கியதையும் அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறவருக்கும் மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் சளி ஊறுகிறதாம். அதில் பெரும்பகுதி தண்ணீர். மியூசின் என்ற புரதம்தான் அதற்கு வழுவழுப்பைத் தருகிறது. தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடிக்கத்தான் அந்த வழுவழுப்பு. மூக்கின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து அசைந்து அந்தச் சளிப்படலத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாமும் நமக்கே தெரியாமல் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். அதாவது எல்லோருக்கும் தொண்டைக்குள் சளி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அது அளவுக்கு மீறும்போதோ, தண்ணீர் குறைந்து கெட்டிப்படும்போதோ, நுண்மயிர்கள் சோர்ந்துபோகும்போதோ, தொண்டையின் தோல் புண்பட்டு வழக்கமான சளியையே பெரிதாக உணரும்போதோதான் கோழை கட்டிய மாதிரி தெரிகிறது. எனக்கு முதல் இரண்டும் இருந்தன. காரணம் ஒவ்வாமை. பரிசோதனையில் தூசிப்பூச்சி என்று வந்தது. படுக்கையிலும் தலையணையிலும் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி. காலையில் மட்டும் ஏன் அவ்வளவு மோசம் என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

அவர் எழுதித் தந்தவை இரண்டு. ஒன்று, ஒவ்வாமை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. மற்றது, உப்புநீரால் மூக்கைக் கழுவும் பாட்டில். இனி பாட்டிலுக்கு வருகிறேன்.

பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. 240 மில்லி பிடிக்கிற, பிழிந்தால் அமுங்குகிற பிளாஸ்டிக் பாட்டில். மூடியில் மூக்குத் துளையை அடைக்கிற மாதிரி ஒரு குமிழ் முனை. மூடியிலிருந்து உள்ளே அடிவரை போகும் ஒரு சிறு குழாய். கூடவே உப்புப் பாக்கெட்டுகள். பாக்கெட்டில் இருப்பது இரண்டே பொருள்: அயோடின் சேர்க்காத உப்பு, சோடியம் பைகார்பனேட் என்ற சமையல் சோடா. ஒரு பாட்டில் தண்ணீருக்கு ஒரு பாக்கெட். கரைத்தால் நம் ரத்தத்தில் இருக்கிற உப்பின் அளவுக்கு, கிட்டத்தட்ட 0.9 சதவீதத்துக்கு வரும். அந்த அளவுதான் முக்கியம். வெறும் தண்ணீரை மூக்கில் விட்டால் குளத்தில் மூழ்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த எரிச்சல் எரியும். சரியான அளவில் உப்பு இருந்தால் எரியவே எரியாது. முதல் நாள் நான் நம்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிழிந்தேன்.

அந்த முதல் நாளைச் சொல்கிறேன். முகம் கழுவும் தொட்டியின் மேல் குனிந்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், மூச்சை வாய் வழியாகத்தான் விட வேண்டும், நடுவில் விழுங்கக் கூடாது. இந்த மூன்றையும் வரிசையாக மனதில் சொல்லிக்கொண்டு குமிழை வலது துளையில் வைத்து மெதுவாகப் பிழிந்தேன். இளஞ்சூட்டில் தண்ணீர் ஏறுவது தெரிந்தது. புருவத்துக்குப் பின்னால் ஏதோ நிறைகிற மாதிரி ஓர் உணர்வு. அடுத்த நொடி இடது துளை வழியாகக் கொட்டியது, கொஞ்சம் வாய் வழியாகவும் வந்தது. பாதிப் பாட்டில் முடிந்ததும் பக்கம் மாற்றினேன். கடைசியில் இரண்டு துளையையும் திறந்து வைத்து மெதுவாகச் சிந்தினேன். தொட்டியின் வெள்ளைப் பீங்கானில் விழுந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சுண்டுவிரல் நீளத்துக்கு, ரப்பர் மாதிரி, லேசாக மஞ்சள் பூத்த ஒரு சளிக்கட்டி. தண்ணீரைத் திறந்துவிட்டால்கூடச் சட்டென்று போகவில்லை, பீங்கானில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைத்தான் நான் நாள் முழுக்க வாசிப்புக்கு நடுவில் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அருவருப்பாக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது அருவருப்பு இல்லை, ஆறுதல். "எல்லாம் உன் மனப்பிரமை" என்று இரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள்.

இப்போது தண்ணீரைப் பற்றி. இந்த இடத்தைத் தாண்டிவிடாமல் படியுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. குடிக்கத் தகுந்த தண்ணீர் மூக்குக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்றில்லை. வயிற்றுக்குப் போனால் அங்குள்ள அமிலத்தில் சாகிற சில நுண்ணுயிர்கள் மூக்கு வழியாக ஏறினால் மூளைவரை போய்விடும். நைக்ளீரியா ஃபவுலரி என்ற அமீபா அப்படிப்பட்டது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம். 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இரண்டு பேர் இப்படி இறந்திருக்கிறார்கள். அதனால் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர், அல்லது டிஸ்டில்டு வாட்டர், அல்லது கிருமி நீக்கியது என்று எழுதி விற்கும் தண்ணீர். இவைதான். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு முழு நிமிடமாவது கொதிக்க வேண்டும், உயரமான மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். நான் இரவு படுக்கும் முன் கொதிக்க வைத்து, மூடி போட்ட பாத்திரத்தில் ஆறவிட்டுவிடுவேன். காலையில் அதோடு கொஞ்சம் புதிதாகக் கொதித்ததைக் கலந்தால் இளஞ்சூடு வந்துவிடும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி விட்டுப் பார்ப்பேன், சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது.

முடிவு என்ன ஆயிற்று? முதல் வாரத்தில் கழுவிய பின் இரண்டு மூன்று மணி நேரம் தொண்டை லேசாக இருக்கும், அப்புறம் பழையபடி கட்டும். மூன்றாவது வாரத்தில் காலைப் பசை பாதியானது. அதில் ஸ்பிரேயின் பங்கும் உண்டு, பாட்டிலுக்கு மட்டும் பெருமையைக் கொடுத்தால் பொய்யாகிவிடும். ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்த அன்றே வேலை செய்கிற மருந்து இல்லை. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம், தினமும் அடிக்க வேண்டும். நான் இதற்கு முன்பே ஒரு தடவை அதை வாங்கி, நான்கு நாளில் பலன் இல்லை என்று தூக்கிப் போட்டிருக்கிறேன். கழுவிய பிறகு அடித்தால்தான் மருந்து சளியில் சிக்காமல் தோலில் போய்ப் படியும். அடித்துவிட்டுக் கழுவினால் மருந்து தொட்டியோடு போய்விடும். இன்னொன்றும் மருத்துவர் சொல்லித் தந்தார்: வலது கையால் இடது துளைக்கும் இடது கையால் வலது துளைக்கும் அடிக்க வேண்டும். அப்போதுதான் முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். எனக்கு முன்பு கசிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூக்கடைப்பை ஐந்து நிமிடத்தில் திறந்துவிடுகிற சொட்டு மருந்துகள் வேறு வகை. பெட்டியில் ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது ஸைலோமெட்டாசோலின் என்று போட்டிருக்கும். சில நாளுக்கு மேல் விடாமல் போட்டால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும், உடனே மறுபடி போடத் தோன்றும். ஒரு நீண்ட நாவலைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது நான் அதில் ஆறு வாரம் மாட்டிக்கொண்டேன். இரவில் சொட்டு போடாமல் தூங்கவே முடியாது என்ற நிலை. ஒரு பக்கத் துளையில் மட்டும் முதலில் நிறுத்தி, அது தேறிய பிறகு அடுத்ததில் நிறுத்தித்தான் வெளியே வந்தேன். பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகளும் எனக்கு ஒத்துவரவில்லை. தூக்கம் வரவழைக்கும், ஒழுகலை நிறுத்தும், ஆனால் கூடவே இருக்கிற சளியை உலர்த்திக் கெட்டியாக்கிவிடும். தொண்டையில் பசை கட்டுகிறவருக்கு அது இன்னொரு தொந்தரவு.

சரி, பாட்டிலின் குறைகள். முதலில் வாங்கியதில் மூடியின் திருகு ஒழுங்காக உட்காரவில்லை. பிழியும்போதெல்லாம் கழுத்தோரம் கசிந்து முழங்கை வழியாக வழியும். தண்ணீர் வெளியே போய்விடுவதால் உள்ளே அழுத்தமும் வராது. ஐந்து வாரத்தில் அதைத் தூக்கிவிட்டேன். விற்றவர்களிடம் கேட்டதற்கு, மூக்கில் பட்ட பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றார்கள். அது சரிதான், ஆனால் பயன்படுத்தும் முன்பே வெறும் தண்ணீர் ஊற்றிப் பிழிந்து பாருங்கள் என்று பெட்டியில் ஒரு வரி போட்டிருக்கலாம். இரண்டாவது குறை, உள்ளே போகும் குழாய். அதற்குள் ஈரம் தங்கிவிடும். நான் தினமும் அதைக் கழற்றி, பாட்டிலையும் மூடியையும் சோப்பு நீரில் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, துணியில் கவிழ்த்துவிடுவேன். ஈரம் போக முழுநாள் ஆகும். குழாயே இல்லாமல், சாய்த்து ஊற்றுகிற கெண்டி வடிவமும் கிடைக்கிறது. யோகாவில் ஜல நேத்தி என்று சொல்வார்களே, அதற்கு வைத்துக்கொள்வது. கழுவ அது சுலபம். ஆனால் தலையை அதிகம் சாய்க்க வேண்டும், தண்ணீர் தன் எடையிலேயே மெதுவாகத்தான் போகும். கெட்டியான சளி உள்ளவருக்குப் பிழிகிற பாட்டில்தான் நல்லது என்பது என் அனுபவம். சும்மா உப்புநீரைப் புகையாக அடிக்கிற சிறிய ஸ்பிரேக்களும் உண்டு. மூக்கு காய்ந்துபோனால் ஈரமாக்க அவை போதும். எனக்கு வந்ததுபோல ரப்பர்க் கட்டியை அவற்றால் அசைக்க முடியாது.

மூன்றாவது, இது பாட்டிலின் குறை என்பதைவிட மூக்கின் அமைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். கழுவிய தண்ணீர் முழுதாக வெளியே வராது. ஒரு மணி நேரம் கழித்துக் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிவீர்கள், மூக்கிலிருந்து கடகடவென்று கொட்டும். ஒரு தடவை பதிவுக்கு நடுவில் பக்கம் திருப்பும்போது எனக்கு அப்படி ஆகி, தாள் முழுக்க நனைந்துவிட்டது. இப்போது கழுவி முடித்ததும் தலையை முழங்காலை நோக்கித் தொங்கவிட்டு, வலப்பக்கம் பத்து எண்ணும்வரை, இடப்பக்கம் பத்து எண்ணும்வரை திருப்பி வைத்திருப்பேன். வாசிப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கழுவிவிடுவேன். படுக்கப்போகும்போது கழுவுவதே இல்லை. ஒரு துளையை அடைத்துக்கொண்டு வேகமாகச் சிந்தாதீர்கள், தண்ணீர் காதுக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். காதில் சீழ் இருப்பவர்கள், மூக்கிலோ காதிலோ அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், ஒரு பக்கம் காற்றே போகாத அளவுக்கு மூக்கு அடைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

பாக்கெட் தீர்ந்தபோது வீட்டிலேயே கலந்தும் பார்த்தேன். அயோடின் இல்லாத, கட்டி பிடிக்காமலிருக்க எதுவும் சேர்க்காத உப்பு மூன்று பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு. இரண்டையும் கலந்து காற்றுப் புகாத ஜாடியில் வைத்துக்கொண்டு, 240 மில்லிக்கு ஒரு டீஸ்பூன். எரிந்தால் அரை டீஸ்பூனாகக் குறைக்கலாம். நன்றாகவே வேலை செய்தது. வீட்டில் எப்போதும் இருக்கிற அயோடின் உப்பைப் போட்ட ஒரு நாள் மட்டும் மூக்கு பொழுது முழுக்கக் கரகரத்தது.

இப்போது அப்பாவின் கதை. எனக்குப் பலித்ததும் நான் செய்த முதல் வேலை அப்பாவுக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்ததுதான். அவரும் ஆறேழு மாதமாகக் கனைத்துக்கொண்டே இருந்தார். தொலைபேசியில் பேசினால் வாக்கியத்துக்கு ஒரு கனைப்பு. "தொண்டையில ஏதோ நின்னுக்கிட்டே இருக்குமா, போகவே மாட்டேங்குது" என்பார். ஒரு மாதம் நான் சொன்னபடியே கழுவினார். தொட்டியில் தெளிந்த தண்ணீர்தான் விழுந்தது, கட்டி எதுவும் வரவில்லை, கனைப்பும் குறையவில்லை. கடைசியில் அவருடைய மாத்திரைச் சீட்டைப் பார்த்த மருத்துவர்தான் கண்டுபிடித்தார். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் என்ற மாத்திரை தொடங்கிய பிறகுதான் இது வந்திருக்கிறது. பெயர் "ப்ரில்" என்று முடியும் அந்தக் குடும்பத்து மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலையும் தொண்டை அரிப்பையும் தரும். தொடங்கிய சில நாளிலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. மருத்துவர் வேறு குடும்பத்து மாத்திரைக்கு மாற்றினார். ஐந்தாவது வாரத்தில் அப்பா ஒரு கனைப்புக்கூட இல்லாமல் என்னோடு பேசினார். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், அது போதும்.

அப்பாவின் கோழைக்கு மூக்கில் காரணமே இல்லை. அப்படியிருக்கும்போது மூக்கைக் கழுவி என்ன பயன்? இந்தப் பாட்டிலைப் பற்றி "காசு தண்டம்" என்று எழுதுகிறவர்களில் பலர் அப்பா மாதிரியானவர்களாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. புகைபிடிப்பவருக்கு அந்த நுண்மயிர்களே முடங்கிப்போகின்றன. ஆஸ்துமாவோ நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சியோ இருந்தால் சளி நெஞ்சிலிருந்து மேலே வருகிறது. இவர்களுக்கெல்லாம் மூக்கு கழுவுவது பெரிதாக எதுவும் செய்யாது.

இன்னொரு காரணம் வயிறு. இரைப்பை அமிலம் எதுக்களித்துத் தொண்டைவரை ஏறினால் குரல்நாணைச் சுற்றிய தோல் புண்பட்டு, அதைக் காத்துக்கொள்ளச் சளி சுரக்கும். நெஞ்செரிச்சலே இல்லாமலும் இது நடக்குமாம். படுத்தால் கூடும், வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு கூடும், காலையில் குரல் கரகரக்கும். அதற்காகத் தொண்டையில் கோழை என்றாலே அமில மாத்திரைதான் என்று எழுதிவிடுவதும் சரியில்லை. எனக்கும் தொடக்கத்தில் மூன்று மாதம் அதுதான் கொடுத்தார்கள், பலனில்லை. பிரிட்டனில் தொண்டைத் தொந்தரவு நீடித்த 346 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து, அதன் முடிவை 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் என்ற அமில மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, 16 வாரம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது அந்த மூன்று மாதத்தை நினைத்து வருத்தமாக இருந்தது. எதுக்களிப்பு என்று சந்தேகம் வந்தால் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பதும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கட்டை கொடுத்து ஒரு சாண் உயர்த்துவதும் யாருக்கும் கெடுதல் செய்யாதவை. தலையணையை அடுக்கினால் இடுப்பில் மடிந்து வயிறுதான் அமுங்கும்.

பால் குடித்தால் சளி கூடும் என்று நானும் நம்பி, ஒரு வருடம் விட்டிருந்தேன். பால் எச்சிலோடு கலந்து கொஞ்ச நேரம் வாயில் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். சளி சுரப்பது அதனால் கூடுவதில்லை. சளி பச்சையாக இருந்தால் உடனே ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் அப்படித்தான். நம் வெள்ளணுக்களில் இருக்கிற ஒரு நொதியின் நிறம் அது. சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் பச்சை வரும்.

பாட்டிலும் ஸ்பிரேயும் தூசிப்பூச்சிக்கு எதிரான வேலையும் சேர்ந்து (படுக்கை விரிப்பையும் உறையையும் வாரம் ஒரு தடவை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன்) நான்காவது மாதத்தில் கோழை கிட்டத்தட்டப் போய்விட்டது. ஆனால் கனைப்பு போகவில்லை! பதிவில் 40 நிமிடத்துக்கு 25 முள். தொண்டையில் ஒன்றுமில்லை என்று எனக்கே தெரிகிறது, ஆனாலும் கனைக்கிறேன். மறுபடி கேமரா விட்டுப் பார்த்த மருத்துவர், மூக்கு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி என்னைக் குரல் பயிற்சியாளர் ஒருவரிடம் அனுப்பினார். கனைக்கும்போது இரண்டு குரல்நாணும் ஒன்றோடொன்று அறைந்துகொள்கின்றன. அறை வாங்கிய தோல் வீங்குகிறது, அங்கே சளி ஊறுகிறது, ஊறியதும் மறுபடி கனைக்கத் தோன்றுகிறது. இரண்டு வருடத்தில் அது என் உடம்பில் பழக்கமாக ஊறிவிட்டிருந்தது.

அவர் தந்த பயிற்சி சின்னது. கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர். தண்ணீர் இல்லையென்றால் எச்சிலை அழுத்தி விழுங்குவது. அதுவும் போதாவிட்டால் உதட்டை மூடி "ம்ம்ம்" என்று மெல்லிய முனகல், அதன் அதிர்வில் ஒட்டியிருப்பது கழன்றுவிடும். முதல் வாரம் நரகம். கைக்கெட்டும் தூரத்தில் தம்ளரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை கனைக்கத் தோன்றும்போதும் இருபதுவரை எண்ணுவேன். பதினைந்துக்குள் பெரும்பாலும் அந்த அரிப்பு தானே அடங்கிவிடும். அது அடங்கும் என்று உடம்புக்குத் தெரியவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மூக்கு சரியாகாமல் இதை மட்டும் செய்திருந்தால் முடிந்திருக்காது. மூக்கு மட்டும் சரியாகி இதைச் செய்யாமல் இருந்தாலும் பாதி வழியில்தான் நின்றிருப்பேன்.

யாரெல்லாம் பாட்டிலை வாங்கிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கோழையில் ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதில் மட்டும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, மூச்சு வாங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர். இவை எதுவும் இல்லாவிட்டாலும், மூன்று மாதம் கடந்த கோழையை ஒரு தடவையாவது கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் இரண்டு வருடத்தை முடித்துவைத்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

மூக்கு ஒவ்வாமையாலோ சைனஸாலோ கோழை இறங்குகிறவர்களுக்கு இந்தப் பாட்டிலை ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்துச் சொல்வேன். அரை நட்சத்திரத்தைக் குறைத்தது அந்தத் திருகு மூடிக்காக. போன வாரம் 40 நிமிடப் பதிவு ஒன்றைத் திறந்து பார்த்தேன். நான்கு முள். அதில் ஒன்று நாற்காலி கிறீச்சிட்டது.

இப்போது கையில் இருப்பது நான்காவது பாட்டில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும் என்பதால் வாங்கிய தேதியை அடியில் மார்க்கரால் எழுதி வைக்கிறேன். இதற்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.